எல்லாம் திரும்பி வரும் கடல்

கீழக்கரையில் எங்கள் வீட்டுக் கூடத்தில், மின்சாரம் போயிருந்த ஒரு வாடைக்காலத்து மாலையில், என் தம்பி கையடக்கத் திரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தான். தூண்டிலும் இல்லை, வலையும் இல்லை. நீலமாக ஒளிரும் உருண்டை வெடி ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கித் தண்ணீரில் எறிந்தான். நாலைந்து மீன்கள் வயிறு காட்டி மிதந்தன. நீந்திப் போய் ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். பின்னால் உட்கார்ந்து தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்த வாப்பா அதுவரை திரையைப் பார்த்தும் பார்க்காமலும் இருந்தார். முப்பது வருடம் வல்லத்தில் கடலுக்குப் போனவர். "வெடி போட்ட தண்ணீரில் நாளைக்கு மீன் ஏது?" என்றார். தம்பி திரும்பாமலே, "இதில் வரும் வாப்பா" என்றான்.

வந்தது. வேறெங்கோ சுற்றிவிட்டு அந்தக் கரைக்குத் திரும்பியபோது அதே வகை மீன்கள் அதே இடத்தில் நீந்திக்கொண்டிருந்தன.

'தி லெஜன்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்டு' என்ற அந்த விளையாட்டை நானும் நூறு மணி நேரத்துக்கு மேல் விளையாடியிருக்கிறேன். எனக்குப் பிடித்த விளையாட்டுதான். நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்று யாரிடமும் சொல்வேன். ஆனால் உலகம் அதை ஏற்றிவைத்திருக்கும் உயரத்தில் என்னால் வைக்க முடியவில்லை. எது குறைகிறது என்று பல மாதங்களாகச் சொல்லத் தெரியவில்லை. வாப்பாவின் கேள்வியில்தான் நூலின் நுனி கிடைத்தது.

அந்த உயரம் எவ்வளவு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் இதை 2017 மார்ச் 3ஆம் தேதி, தன் ஸ்விட்ச் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்த அதே நாளில் வெளியிட்டது. விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டிச் சராசரி போடும் மெட்டாகிரிட்டிக்கில் அதற்கு 100க்கு 97. ஜப்பானிய இதழான ஃபாமிட்சு 40க்கு 40 கொடுத்தது. அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு என்று தி கேம் அவார்ட்ஸ் விழாவில் அறிவிக்கப்பட்டது. ஸ்விட்சில் மட்டும் 3 கோடிக்கு மேல் பிரதிகள் விற்றன. இந்தியாவில் அந்தக் கருவி அதிகாரபூர்வமாகக் கடைக்கு வரவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் அது வளைகுடாவிலிருந்து திரும்புகிறவர்களின் பெட்டியில்தான் வரும். எங்கள் வீட்டுக்குத் துபாய் சாச்சா கொண்டுவந்தார், போர்வைக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவே துணியில் சுற்றி.

இவ்வளவு பாராட்டு ஏன் குவிந்தது என்பதற்கு அந்தக் காலத்து விளையாட்டுகளைப் பார்க்க வேண்டும். ஓப்பன் வேர்ல்டு என்று சொல்லப்படும் பெரிய உலக விளையாட்டுகள் அப்போதே நிறைய இருந்தன. 2007இல் வந்த 'அசாசின்ஸ் கிரீட்' ஒரு பழக்கத்தை ஏற்படுத்தியிருந்தது. உயரமான கோபுரத்தில் ஏற வேண்டும், சுற்றுப்புற வரைபடம் திறக்கும், அதில் முளைக்கும் குறிகளை நோக்கி ஒவ்வொன்றாகப் போக வேண்டும். பத்து ஆண்டுகளில் அது ஒரு வேலைப் பட்டியல் போல ஆகிவிட்டது. செல்டா வரிசையோ இன்னொரு பக்கம் போய்விட்டிருந்தது. 2011இல் வந்த 'ஸ்கைவார்டு சுவார்டு' விளையாடுகிறவரைக் கைப்பிடித்தே கூட்டிப்போகிறது என்ற குறை பரவலாக இருந்தது. அந்தச் சலிப்பில் இருந்தவர்கள் முன்னால்தான் இயக்குநர் ஹிதெமாரோ ஃபுஜிபயாஷியும் தயாரிப்பாளர் எய்ஜி ஆவொனுமாவும் இந்த உலகத்தை விரித்தார்கள். நாயகன் லிங்க் நூறாண்டு உறக்கத்திலிருந்து எழுகிறான். குகையை விட்டு வெளியே ஓடுகிறான். ஹைரூல் நாடு முழுவதும் காலடியில் கிடக்கிறது. முதல் பீடபூமியில் நான்கு புதிர்க்கூடங்களை முடித்துக் காற்றில் மிதக்கும் பாய் ஒன்றைப் பெற்றுவிட்டால், பிறகு எங்கு வேண்டுமானாலும் போகலாம். நேராகக் கடைசி எதிரியிடமே போனாலும் தடுப்பார் இல்லை.

தாகத்தோடு இருந்தவர்களுக்குக் கிடைத்த தண்ணீர் அது. 97 என்ற எண்ணில் அந்தத் தாகமும் சேர்ந்திருக்கிறது. எங்கள் வீட்டுக்கு அது பல ஆண்டுகள் கழித்து வந்தது. அதற்குள் தம்பி, 2020 செப்டம்பரில் வெளியான 'கென்ஷின் இம்பாக்ட்'டைப் போனில் காசில்லாமல் விளையாடி முடித்திருந்தான். எந்தச் சுவரிலும் ஏறுவது, உச்சியிலிருந்து பாய் விரித்து மிதப்பது எல்லாம் அவனுக்கு அதிலேயே பழகிவிட்டிருந்தது. மூலத்தை நகலுக்குப் பிறகு பார்க்கிறவனிடம் முதல் நாள் வியப்பை எதிர்பார்க்க முடியாது.

என் விஷயம் வேறு. எனக்கு அந்த வியப்பு முழுமையாகவே கிடைத்தது.

எங்கள் மாவட்டம் தட்டையானது. மாடியில் நின்றால் பனைகள், பள்ளிவாசல் மினாரா, கலங்கரை விளக்கம், அதற்கப்பால் கடல். கண்ணை மறைக்க ஒரு குன்று கிடையாது. பார்க்கக்கூடியது எல்லாம் ஏற்கெனவே கண்ணில் பட்டுவிட்ட நிலம் இது. ஹைரூலின் முதல் உச்சியில் நின்றபோது, மலை என்பது மறைப்பதற்கென்றே இருக்கும் பொருள் என்று எனக்குப் புரிந்தது. அதை அவர்கள் திட்டமிட்டே செய்திருக்கிறார்கள். 2017இல் ஜப்பானில் நடந்த விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் அதை விளக்கவும் செய்தார்கள். நிலத்தில் பெரியதும் சிறியதுமாக முக்கோண வடிவங்களை அடுக்குவார்கள். எதிரே ஒரு முக்கோணம் வந்தால் ஏறுவதா, சுற்றிப்போவதா என்று முடிவெடுக்க வேண்டும். சுற்றிப்போனால் அதுவரை மறைந்திருந்த ஒன்று மெல்ல எட்டிப்பார்க்கும், கால் தானாக அங்கே திரும்பும். தூரங்களைக் கணிக்க ஃபுஜிபயாஷி தன் ஊரான கியோட்டோவின் வரைபடத்தை வைத்துக்கொண்டாராம். இங்கிருந்து அங்கே நடக்க எவ்வளவு நேரமாகும் என்று உடம்புக்குத் தெரிந்த ஊர் அது. அந்த உழைப்பு ஒவ்வொரு அடியிலும் தெரிகிறது.

மழையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். விளையாடுகிறவர்கள் பலரும் இதில் மழையைத்தான் திட்டுகிறார்கள். பாறை நனைந்துவிட்டால் நாலு பிடி ஏறியதும் லிங்க் சறுக்குவான். மூட்டிய நெருப்பு அணையும். இடி முழங்கினால் முதுகில் இருக்கும் இரும்பு வாள் பொறி விடத் தொடங்கும். அதைக் கழற்றிப் போடாவிட்டால் மின்னல் அவன் மேலேயே இறங்கும். ஒருநாள் பாதிப் பாறையில் மழை பிடித்துக்கொண்டது. சறுக்கிச் சறுக்கி ஒரு திண்டில் ஒதுங்கினேன். மேலே நீட்டிக்கொண்டிருந்த பாறைக்கு அடியில் விறகைப் போட்டு, நெருப்பு மூட்டி, விடியும்வரை அவனை உட்காரவைத்தேன். எனக்கு அந்த விளையாட்டிலேயே மிகவும் பிடித்த இரவு அது. தண்ணியில்லாக் காடு என்று மற்ற ஊர்க்காரர்கள் பெயர் வைத்த மாவட்டத்தில் இருக்கிறவர்களுக்கு மழை நம் திட்டத்தை நிறுத்திவைக்கும் என்பது புதிய செய்தி இல்லை. அதன் மேல் எங்களுக்குக் கோபமும் வராது.

நெருப்பும் அப்படித்தான். காய்ந்த புல்லில் தீப்பட்டால் பரவும். பரவினால் சூடான காற்று மேலே எழும். அதில் பாயை விரித்தால் நம்மைத் தூக்கிவிடும். இதற்கென்று யாரும் தனியாக ஒரு வித்தை எழுதிவைக்கவில்லை. நெருப்பு, காற்று, நீர், மின்சாரம் ஆகியவை பொருள்களோடு எப்படி உறவாடும் என்று பொதுவான விதிகளை வகுத்துவிட்டு மற்றதை விளையாடுகிறவர் கையில் விட்டுவிட்டார்கள். உருவாக்கியவர்கள் இதை வேதியியல் இயந்திரம் என்று அழைக்கிறார்கள். விமர்சகர்கள் சொக்கிப்போனது இதில்தான். அவர்கள் சொக்கியது நியாயம்.

மெலிகிற இடங்களைப் பலரும் பேசிவிட்டார்கள், நான் சுருக்கிக்கொள்கிறேன். ஆயுதங்கள் சீக்கிரம் உடைகின்றன. எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. பரிசுகள் ஒன்றுபோலவே இருப்பதுதான் வாட்டுகிறது. 120 புதிர்க்கூடங்கள், உள்ளே எல்லாம் ஒரே சாம்பல் கல், ஒரே நீல ஒளி. நாடெங்கும் ஒளித்துவைத்த 900 கொரோக் விதைகள். பொருள் பையை முழுவதும் பெரிதாக்க 441 போதும். மூன்று மணி நேரம் பனிமலையில் ஏறிப் போனால் உச்சியில் ஒரு கல், அதைத் தூக்கினால் ஒரு விதை. முதல் முப்பது முறை சிரித்தேன்.

இவை சரியாக இருந்திருந்தாலும் என் மனம் நிறைந்திருக்காது. என் குறை வேறிடத்தில் இருக்கிறது. அந்த உலகம் எதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

நமக்கு முன் நடந்ததை அது அருமையாக நினைவில் வைத்திருக்கிறது. வழியெங்கும் இடிந்த ஊர்கள். 1998இல் வந்த பழைய செல்டா விளையாட்டில் குதிரை மேய்ந்த பண்ணை, இதில் வெறும் கட்டைகளும் கற்களுமாகக் கிடக்கிறது. அந்த இடத்தைக் கடந்தபோது எனக்குத் தனுஷ்கோடி நினைவு வந்தது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலுக்குப் பிறகு கூரையில்லாமல் நிற்கும் தேவாலயம், ரயில் நிலையத்தின் மிச்சச் சுவர்கள். சிறுவயதில் வாப்பாவோடு போனபோது அவர் அங்கே சத்தமாகப் பேசவிடவில்லை. இடிபாட்டின் முன்னால் வரும் அந்த அடங்கிய உணர்வைத் திரையில் கொண்டுவருவது சாதாரணக் காரியமில்லை. அதை இவர்கள் செய்திருக்கிறார்கள். ஆனால் நூறாண்டுக்கு முன் விழுந்த அடியை ஏந்தி நிற்கும் அந்த நிலத்தில், நான் நேற்று அடித்த அடி ஒன்றுகூட நிற்பதில்லை.

இதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. எந்த வரிசையிலும் எதையும் செய்யலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டால், எதையும் நிரந்தரமாகத் தீர்ந்துபோக விட முடியாது. ஆயுதம் உடைகிறது, எனவே ஆயுதம் மீண்டும் கிடைத்தாக வேண்டும். மீனும் காளானும் உணவு, எனவே அவையும் திரும்பி வந்தாக வேண்டும். ஆயுதங்கள் திரும்பி வர அவர்கள் கண்டுபிடித்த வழி செந்நிலா. விளையாட்டில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் 24 நிமிடம். அப்படி ஏறத்தாழ 7 நாட்களுக்கு ஒருமுறை நள்ளிரவில் நிலா சிவக்கும். கொன்ற அரக்கர்கள் எல்லோரும் நின்ற இடத்திலேயே எழுவார்கள், எடுத்த ஆயுதங்களும் இருந்த இடத்துக்குத் திரும்பிவிடும். கருவியின் நினைவகம் திணறும்போது செந்நிலா நேரம் தவறியும் எழுவதுண்டு. உலகத்தைத் துடைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் நினைவகத்தின் சுமை குறைகிறது. ஒரு கட்டாயத்தைக் கதையாக மாற்றிக் காட்டிய அந்தத் திறமையைப் பாராட்டுகிறேன். ஆனாலும் மூன்றாவது செந்நிலாவுக்குப் பிறகு, ஒரு முகாமைக் கடக்கும்போது அங்கே சண்டை போடுவதா என்று யோசிப்பதையே நான் நிறுத்திவிட்டேன். சண்டை போட்டாலும் போடாவிட்டாலும் அந்த இடம் ஒன்றுதான்.

கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்கு இது ஏன் உறுத்துகிறது என்று சொல்கிறேன். எங்கள் மன்னார் வளைகுடாவில், ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள். கீழக்கரைக்கு நேரே அப்பா தீவு, தலையாரி, வாழை, முள்ளி. அந்த வரிசையில் பூவரசன்பட்டி என்று ஒன்று இருந்தது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் என்று பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்து நின்ற பாறை போனது, பின்னாலேயே தீவும் நீருக்குள் போய்விட்டது. தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லிக்கும் அதே கதி. பெயர்கள் மட்டும் பட்டியலில் இருக்கின்றன. 1986இல் இந்தத் தீவுகளைச் சுற்றிய கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வனத்துறை அனுமதி இல்லாமல் இன்று ஒரு தீவிலும் கால் வைக்க முடியாது. படகில் சற்று உள்ளே போனால் பச்சைக் கோடாகக் கண்ணில் படும், பக்கத்தில் போகலாம், இறங்கக் கூடாது.

'கண்ணில் படுகிற இடம் எதுவானாலும் போகலாம்' என்பதுதான் பிரெத் ஆஃப் தி வைல்டுக்குக் கிடைத்த பெரும் புகழ்மொழி. நானும் அதில் மயங்கியவள்தான். ஆனால் என் மனத்தில் அப்பா தீவு இவ்வளவு பெரிதாக இருப்பதற்கு, அங்கே இறங்க முடியாது என்பதும் ஒரு காரணம். ஹைரூலில் என்னை இறங்கவிடாத ஓர் இடம்கூட எனக்கு நினைவில் நிற்கவில்லை. வேகத்தைக் குறைக்கும் மழை ஒன்றுதான் அங்கே என்னிடம் கொஞ்சமாவது மறுத்துப் பேசியது.

மீன்கள் திரும்பி வருவதிலும் எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனம் பெருகுவதற்கான தடைக்காலம் அது. மண்டபத்தில் அந்த நாட்களில் படகுகள் வரிசையாகக் கரை ஒதுங்கி நிற்பதைப் பார்க்கலாம். பழுது பார்ப்பார்கள், சாயம் அடிப்பார்கள், வலையைப் பிரித்துப்போட்டுச் சரிசெய்வார்கள். கூலிக்குப் போகிறவர்களின் வீட்டில் அரிசிப் பானை எப்போது காலியாகும் என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். மீன் திரும்பி வருவதற்கு எங்கள் பக்கத்தில் கொடுக்கும் விலை அது. விளையாட்டு அந்த விலையைக் கேட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வெடியை எறிந்தால் அந்தக் குளம் ஒரு வாரம் வெறுமையாகக் கிடக்கட்டும், அவ்வளவுதான். மழைக்கும் நெருப்புக்கும் அவ்வளவு நுட்பமான விதி எழுதியவர்களுக்கு அது முடியாததா?

விளையாட்டுதானே, இவ்வளவு எதற்கு என்று என் தோழி கேட்டாள். கேள்வி சரிதான். மற்ற விளையாட்டுகளிடம் நான் இதைக் கேட்க மாட்டேன். இதை 'உயிருள்ள உலகம்' என்று சொல்லித்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். உயிருள்ளது என்றால் பட்டது ஞாபகம் இருக்க வேண்டும்.

கடலில் இன்னொன்றும் இடறியது. ஹைரூலின் தென்கிழக்குக் கரையில் லூரலின் என்று ஒரு மீனவ ஊர். தென்னை, குடிசை, மணல், சிரித்த முகங்கள். ஊர்க்காரர் ஒருவர், பக்கத்துக் கடற்கரையை அரக்கர்கள் பிடித்துக்கொண்டார்கள், மீட்டுத் தாருங்கள் என்று கேட்பார். கரையில் பாய் கட்டிய தெப்பம் ஒன்று நிற்கும். ஆசையோடு ஏறினேன். அதை ஓட்டுவதற்குப் பெரிய இலை ஒன்றைக் கையில் எடுத்துப் பாயைப் பார்த்து விசிற வேண்டும். எந்தத் திசையில் போக வேண்டுமோ அந்தத் திசைக்குக் காற்றை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம்.

இங்கே வாடை வீசினால் பாக் நீரிணை கொந்தளிக்கும், கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று எழுந்தால் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். அமைதியான வடகடலைப் பெண் கடல் என்றும் ஓங்கி அடிக்கும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வது வழக்கம். பாம்பன், மண்டபத்துக்காரர்கள் காற்றுக்காலம் மாறும்போது படகையே ஒரு கடலிலிருந்து மறு கடலுக்குக் கொண்டுபோவார்கள். வாப்பா காலையில் எழுந்தால் முதலில் வாசலுக்கு வந்து காற்று முகத்தில் படுகிறதா கன்னத்தில் படுகிறதா என்று நிற்பார். கடலை விட்டுப் பல வருடம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. காற்றின் திசையை மாற்ற முடிகிற பழைய செல்டா ஒன்று 2002இலேயே வந்தது. அதிலும் காற்று மனிதன் சொன்னபடிதான் கேட்கும். ஆனால் அங்கே அதைக் கேட்டு வாங்கிவிட்டுத்தான் பாயை விரிக்க வேண்டும். இதில் தெப்பத்தை விசிறிக்கொண்டு போனபோது கடலில் இருக்கிறோம் என்ற உணர்வு எனக்கு ஒரு கணமும் வரவில்லை.

ஒரே ஓர் இடத்தில் அந்த உலகம் என்னை நினைவில் வைத்துக்கொண்டது. அக்காலா ஏரியில் ஆளில்லாத ஒரு பாறைத் திட்டு. ஹட்சன் என்ற கட்டடத் தொழிலாளி தனியாக நின்று ஓர் ஊரைக் கட்டத் தொடங்குவார். கட்டுக்கட்டாக மரம் கேட்பார். பெயர் 'சன்' என்று முடிகிற ஆட்களையே அழைத்து வர வேண்டும் என்பது அவருடைய நிறுவன விதி. நாடெங்கும் தேடி, நான்கு இனங்களிலிருந்தும் அப்படி ஒவ்வொருவரைக் கண்டுபிடித்து அனுப்புவேன். திரும்பிப் போகும்போதெல்லாம் ஒரு வீடு கூடியிருக்கும், ஒரு கடை திறந்திருக்கும். கடைசியில் அங்கே ஒரு திருமணமும் நடக்கும். எந்தச் செந்நிலாவும் அந்த வீடுகளைத் துடைக்காது. புதிர்க்கூடங்களில் ஒன்றின் பெயரும் எனக்கு இன்று நினைவில்லை. டாரி டவுன் என்ற இந்த ஊரில் எந்த வீடு எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்த ஓர் ஊரைப் போல இன்னும் நாலு ஊர் இருந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

உருவாக்கியவர்களுக்கும் இது தோன்றியிருக்க வேண்டும். 2023 மே 12இல் வெளியான அடுத்த பாகம் 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்'. அதில் லூரலினைக் கடற்கொள்ளையர் பிடித்து நாசமாக்கியிருப்பார்கள். அவர்களை விரட்டிவிட்டு, மரக்கட்டையும் அரிசியும் சேர்த்துக் கொடுத்து ஊரை மீண்டும் எழுப்பலாம். சாச்சா அடுத்த முறை வந்தபோது அதையும் கொண்டுவந்தார். தம்பி கட்டை சுமந்த அன்று வாப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அஸருக்கு எழுந்து போய்த் தொழுதுவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார். கூரைகள் ஏறி, விளக்குகள் எரிந்து, பிள்ளைகள் மணலில் ஓடத் தொடங்கியதும், "இந்த ஊருக்கு இப்போது எந்தக் காற்று?" என்று கேட்டார்.

தம்பி பதில் சொல்லவில்லை. லிங்கைக் கரையில் நிறுத்திவிட்டு, தென்னை ஓலைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று திரையைச் சுற்றிச் சுற்றித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.